பூச்சுக்குள் ஏறியவை

ஆனைமலையில் கிருபாசங்கர் வீட்டு எலிகள் சுவரின் மேல் ஏறுவதை விட்டுவிட்டுப் பூச்சுக்கு உள்ளேயே ஏறத் தொடங்கியது ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய், காலை ஒன்பதே காலுக்கு. பால் காய்ச்சிவிட்டு ஹாலுக்கு வந்த அவன் மனைவி பிரவீனாதான் முதலில் பார்த்தாள். காரை வெடிக்கவில்லை, உதிரவில்லை. தரையோரத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு எழுந்து, போர்வைக்குள் நகரும் முழங்கால் போல மேலே போயிற்று. அதன் பின்னால் இரண்டு. அப்புறம் ஐந்து. எல்லாம் தொட்டில் தொங்கிய கூரைக் கொக்கியைப் பார்த்துத்தான் போயின. தொட்டிலில் மூன்று மாதக் குழந்தை அக்ஷயா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுவர் பூசி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தோப்பில் எல்லாத் தென்னைக்கும் தகரம் சுற்றி ஆணியடித்ததும், மரமேற முடியாத எலிகள் வீட்டின் சொரசொரப்பான சுவரைப் பிடித்துக்கொண்டன. கிருபாசங்கர் கொத்தனார் காளிச்சாமியைக் கூட்டிவந்து, பொந்துகளில் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் திணித்து, நகம் கூட நிற்காதபடி வழவழப்பாகப் பூசச் சொன்னான். இப்போது வெளியே ஒன்றும் ஏறவில்லை. உள்ளே ஏறியது.

தொட்டிலைப் படுக்கையறைக்கு மாற்றினார்கள். மதியத்துக்குள் எட்டுப் புடைப்பும் அங்கே வந்துவிட்டன. பிரவீனா குழந்தையோடு கொடுமுடியில் அம்மா வீட்டுக்குப் போனாள். பையைப் பிரிப்பதற்குள் அந்த வீட்டுச் சுவரிலும் எட்டு. திரும்பி வந்த அன்று கொக்கியடியில் காரை கீறி, குழந்தையின் நெற்றியில் பொடி விழுந்தது. குழந்தை சிரித்தது. அன்றிலிருந்து அவள் குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை.

மாமியார் நாச்சியம்மாள் எழுந்தாள். "மாசாணியம்மங்கிட்ட மொளகா அரைச்சுப் போட்டு வாரேன் அம்மணி."

"எலி மேலயாங்க அத்தை?"

"புள்ளையப் பயமுறுத்தறது எலியா இருந்தா என்ன, யானையா இருந்தா என்ன? நாயம் நாயந்தான்."

மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசினால் தப்புச் செய்தவருக்கு எரியும் என்பது அந்த ஊரில் பஸ் நேரம் போல எல்லோருக்கும் தெரியும். நாச்சியம்மாள் அவசரத்தில் எலி என்று சொல்லாமல், "எங்கூட்டுச் செவுத்துல தப்புப் பண்ணுனது ஆரோ அவுங்களக் கேளு தாயி" என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். வீடு திரும்பியபோது எலிகள் அப்படியே இருந்தன. கிருபாசங்கரின் இரண்டு உள்ளங்கையும் விரல்களும் கனலாகச் சிவந்திருந்தன. மோர்ச் சட்டிக்குள் கை விட்டான், மோர் கொதித்தது.

ஆள்விட்டதும் காளிச்சாமி வந்தார். கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "ஏனுங்க, நான் அன்னிக்கே சொன்னனுங்களே. தாயெலி வெளிய போயிருக்குது, பொந்துக்குள்ள குட்டிக கத்துது, நாளைக்குப் பூசிக்கலாம்னு. நீங்கதான் தொட்டில் போடற நாளு தள்ளிப்போகும், இப்பவே பூசிப்போடுங்கன்னீங்க."

கிருபாசங்கர் எழுந்துபோய் உளியை எடுத்து வந்தான்.

"எத்தனை குட்டிங்கண்ணா?" என்று பிரவீனா கேட்டாள்.

"எட்டு இருக்குமுங்க."

அவை பால் வாசத்துக்குத்தான் ஏறின என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உளியைப் பிடிக்கவே கை கூசினாலும், பொந்தைக் கிருபாசங்கர்தான் கொத்தினான். ஒவ்வொரு சில்லு விழும்போதும் ஒரு விரல் ஆறியது. புடைப்புகள் கூரையிலிருந்து வரிசையாக இறங்கிப் பொந்தின் வாய் வரைக்கும் வந்தன. வெளியே மட்டும் வரவில்லை. சாயங்காலம் தோப்பிலிருந்து மெலிந்த எலி ஒன்று வந்து, எல்லோரும் பார்த்திருக்க உள்ளே போயிற்று. அதற்கப்புறம் சுவரில் ஒன்பது. கொக்கிப் பக்கம் எதுவும் போகவில்லை. நாச்சியம்மாள் கோயிலுக்குப் போய்க் கல்லுக்கு எண்ணெய்க்காப்புச் செய்து குளிர்வித்துவிட்டு வந்தாள்.

அக்ஷயா இப்போது எல்.கே.ஜி. போகிறாள். அந்தக் கொக்கியில் பிரவீனா இன்றுவரை எதையும் மாட்டியதில்லை. தினமும் விளக்கு வைத்ததும் ஒன்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டு, பொந்துக்கு முன்னால் ஒரு தட்டுப் பால் வைக்கிறாள். பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்க வரும் ரிஃபத், புடைப்பு நகரும் வரை பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். இந்த வருஷம் ஒரு மூலையில் அது நகரவே இல்லை.

"தூங்குதுங்க அம்மணி. எழுப்பாம சுத்திலும் அடிச்சுப்போடட்டுங்களா?"

"அடிங்கண்ணா," என்றாள் பிரவீனா. "பொந்த மட்டும் அடைச்சுப்போடாதீங்க."