ஆண்டுக்கு ஒரு சந்தேகம்

"என் சந்தேகம் ஆறு வருஷம் பழசு, எபனேசர்."

"பழசா இருந்தா மட்டும் போதுமாக்கா? என்னுது…"

"என்னைப் பேச விடு."

"…என்னுது பெரிசு. முழுசா ஒரு பம்பு."

"என்னுது தலைமுடி அளவுதான். ஆனா நீளுது."

"நீளுதுன்னு தெரியுமா?"

"தெரிஞ்சா அதுக்குப் பேரு சந்தேகமாடே?"

அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு ஆராய்ச்சிப் பிரிவுக்கு இந்த ஆண்டு ஒரு சந்தேகம்தான் ஒதுக்கியிருந்தார்கள். போன ஆண்டு நான்கு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாற்பது பேர் காலையிலிருந்து மாலைவரை சந்தேகப்பட்டோம். இப்போது நானும் எபனேசரும் மட்டும்.

எந்தச் சந்தேகம் என்பதை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காத சந்தேகங்கள் நம்பிக்கையாகக் கருதப்படும் என்று உத்தரவில் இருந்தது.

மின்சாரம் போனால் மாற்றுப் பம்பு ஓடுமா என்பது எபனேசரின் சந்தேகம். சுடுநீர்க் குழாயில் நாற்பத்தோராவது வெல்டிங் விரிசல் விட்டிருக்கிறதா என்பது என்னுடையது. அந்த வெல்டிங்குக்கு நேர் கீழே ஒரு நாற்காலி இருக்கிறது. அதைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருக்கிறார்கள். ஷிப்டுக்கு எட்டு மணி நேரம் என் மகள் விஜிலா அதில் உட்காருகிறாள்.

அலுவலகத்துக்கு நடந்தோம். சிக்கனத்துக்காக நடைபாதை விளக்குகளைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் நடுவே பாதை இரண்டு மடங்கு நீண்டுவிட்டது. களைத்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகும் என் கால்கள் நடந்துகொண்டிருந்தன.

"என்னடே, முகம் உருண்டுக்கிட்டே வருது?"

"காலையிலேருந்து அப்படித்தான்க்கா. புது அழுத்தமானி வாங்க மாட்டாங்களாம். இருக்கிற ஆளை வச்சு சமாளிக்கச் சொல்லியிருக்காங்க."

அவன் மூக்கு மெலிந்து அழுத்தமானியின் முள்ளாகியிருந்தது. எழுந்து மறுபடி நடந்தோம்.

கவுண்டரில் ஒருவர் இருந்தார். பெயர் பூமிநாதன் என்று பலகை சொன்னது.

"லீலாபாய் மேடம், உங்களுக்கு இது சந்தேகந்தானா?"

"ஆமா."

"சந்தேகமில்லாம?"

"சந்தேகமில்லாம சந்தேகந்தான்."

"அப்போ இது உறுதி. உறுதி வேற பிரிவு. அந்தப் பிரிவை மூடியாச்சு."

"சரி, கொஞ்சம் சந்தேகமான சந்தேகம்னு போடுங்க."

"அப்படிச் சொல்லுங்க. ஒண்ணுதான் எடுப்பேன். யாருது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். எபனேசர் முதலில் மூடினான்.

"அக்காவுது எழுதுங்க சார். அந்த நாற்காலியில புள்ள இருக்குல்லா."

"அப்போ உங்களுது?"

"நம்பிக்கைன்னு போட்டுக்கோங்க."

பம்பு ஓடும் என்று நம்புவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். கடைசிப் புள்ளி வைத்ததும் அவன் முகத்தின் மேல் கண்ணாடி மூடிக்கொண்டது. பூமிநாதன் அவனைத் தூக்கிச் சுவரில் ஆணியில் மாட்டினார். முள் பச்சையில் நின்றது.

"எபனேசர், எப்படிடே இருக்க?"

"எல்லாம் பச்சைதான்க்கா."

ஒதுக்கீட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு குழாய் அறைக்கு ஓடினேன். கதவருகே பூமிநாதன் காவலாளித் தொப்பியோடு நின்றார். அந்த வேலையையும் அவரிடமே கொடுத்திருந்தார்கள்.

"எங்க போறீங்க மேடம்?"

"வெல்டிங்கப் பாக்க. சீட்டு இருக்கே."

"இது சந்தேகப்பட அனுமதி. பாக்க அனுமதி இல்ல."

"பாக்காம எதுக்குய்யா சந்தேகம்?"

"பாத்தா தீந்துரும். மொத்த வருஷமும் கெடக்கு. அப்புறம் எதை வச்சு சந்தேகப்படுவீங்க?"

"என் மக உள்ள இருக்கா."

"இருக்கட்டும். போன்ல வேணா பேசுங்க. ஆனா உறுதியா ஒரு வார்த்தை சொன்னீங்க, தீர்ந்ததுன்னு எழுதிருவேன். நாளைக்கு அந்த நாற்காலிக்கு வர்றவங்களுக்குச் சந்தேகமே கெடையாது."

பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார். சுவர்த் தொலைபேசியை எடுத்தேன். கம்பி என் கையில் நீண்டுகொண்டே போனது. கதவைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டேன்.

"விஜிலா?"

"என்னம்மா, ஷிப்டு நேரத்துல?"

"சும்மாத்தான். சாப்டியா?"

"சாப்ட்டேன். உங்க குரல் ஏன் நடுங்குது?"

"நடந்துக்கிட்டே பேசுதேன்லா, அதான். அங்க எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. மேலேருந்து என் தோள்ல ஏதோ சொட்டுது."

"எவ்வளவு நேரமா?"

"இப்பத்தான். கேட்டேன். குழாய்க்கு வேர்க்குதாம்."

குளிர்ந்த குழாய்க்கு வேர்க்கும். அது சுடுநீர்க் குழாய். நான் இங்கே வேலை பார்த்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் அதற்கு வேர்த்ததில்லை. பூமிநாதன் பேனாவைத் தாளின் மேல் வைத்தார்.

"சூடா இருக்காம்மா?"

"தெரியல. சூடு மாதிரியும் இருக்கு. நீங்க சொல்லுங்க."

"எனக்குச் சந்தேகமா இருக்கு."

"சந்தேகம்னா?"

"சந்தேகமா இருக்கும்மா."

"இங்க அழுத்தமானி பச்சையிலதான் நிக்குது. யாரும் எந்திரிக்கல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, நான் உக்காந்தே இருக்கட்டா, எந்திரிச்சு வந்துரட்டா?"