பெரியவர் புரண்ட பக்கம்

கல் நட்டு எல்லை பிரிக்கிற வழக்கமெல்லாம் பிற்பாடு வந்தது, கண்ணுகளா. உலகம் இளசாக இருந்த காலத்தில், மேட்டு நாட்டுக்கும் ஆற்று நாட்டுக்கும் நடுவே ஒரு பாம்பு படுத்திருந்தது. அதுதான் எல்லை. தலை மலைக்குள், வால் கடலுக்குள், நடுவில் கிடந்த உடம்பு கோட்டைச் சுவரைவிட உயரம். பாம்பு என்று வாய்தவறியும் யாரும் சொல்ல மாட்டார்கள். 'பெரியவர்' என்றுதான் பேச்சு.

தலைமுறைக்கு ஒருமுறை பெரியவர் உடம்பை வானத்துக்குத் தூக்கி, வேறு இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்வார். அன்றைக்கு எந்தப் பக்கம் எது இருந்ததோ, நிலமும் வீடும் ஆளும் அந்தப் பக்கத்து ராஜாவுக்கு. பெரியவர்மேல் ஏறி அந்தப் பக்கம் போனால் தலை போகும். இந்தச் சட்டத்துக்கு மட்டும் இரண்டு ராஜாக்களும் கட்டுப்பட்டிருந்தார்கள். பாம்போடு போய் யார் வாதாடுவது?

மேட்டு நாட்டுப் பக்கம் பெரியவரின் உடம்பில் பாசி சுரண்டி, செதிள் தேய்த்து, எண்ணெய் பூசுகிற வேலை ஒருத்திக்கு. எண்ணெய்க்காரி என்பார்கள். ஆற்று நாட்டுப் பக்கம் அதே வேலையைச் செய்தவள் அவள் கூடப்பிறந்த தங்கை.

போன தடவை பெரியவர் இடம் மாறியபோது தங்கைக்குப் பால்பல் விழவில்லை. அத்தை வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். அவ்வளவுதான். திரும்பி வருவதற்குள் அத்தை வீடு வேறு நாடாகிவிட்டது. அம்மா பெரியவர்மேல் முட்டி முட்டி அழுதாள். செதிளுக்கு என்ன வலிக்கவா போகிறது.

ஒரு வழி மட்டும் இருந்தது. பெரியவர் மூச்சிழுக்கும்போது வயிற்றோரம் ஒரு சாண் எழும்பும். அந்த இடுக்கில் குரல் போகும், ஆள் போக முடியாது. மறுபடி எழும்புவதற்கு ஒரு பானைத் தண்ணீர் கொதிக்கிற நேரமாகும். ஆகவே அக்காவும் தங்கையும் மூச்சுக்கு ஒரு பேச்சாகப் பேசியே வளர்ந்தார்கள்.

"சாப்பிட்டியாடி?"

அடுத்த மூச்சில், "ஆச்சு. நீ?"

ஒருநாள் தங்கை சொன்னாள்: "நாம ரெண்டு பேரும் சண்டை போட்டா, முடிக்க ஒரு வருஷம் ஆகும்க்கா." அதற்கு அக்கா சிரித்த சிரிப்பு போய்ச் சேருவதற்குள் இடுக்கு மூடிக்கொண்டது.

இப்படி இருக்கையில், மேட்டு நாட்டு அமைச்சர் ஒரு மத்தியானம் எண்ணெய்க் கொட்டகைக்கு வந்தார். ஊரில் அவருக்குத் தேன்வாயர் என்று பேர். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, பெரியவர் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் படுத்தா, உங்க தங்கச்சி தெருவே நம்ம பக்கம் வந்துடுமே?"

"அது அவர் இஷ்டம்ங்க."

"உங்க குடும்பத்துக்கு ஒரு வழி தெரியும்னு பேச்சு." அவள் வாய் திறக்கப் போனாள். அவர் பதறிப்போய்க் கையைக் காட்டினார். "எப்படின்னு சொல்லிடாதீங்க! எனக்குத் தெரியவே வேண்டாம். நாளைக்கு எவனாவது சத்தியம் பண்ணச் சொன்னா, நான் பொய் சொல்லக் கூடாது பாருங்க."

வழி இருந்தது. பெரியவர் குளிர்ந்த ரத்தக்காரர். எங்கே நெடுநாள் நெருப்பு எரிகிறதோ அங்கே போய்ப் படுப்பார். அதனால்தான் அவர் கிடக்கிற இடத்துக்கு அருகில் எவரும் அடுப்பு மூட்டக் கூடாதென்று இரண்டு நாட்டிலும் கட்டுப்பாடு. ஜனங்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள். காரணம் அம்மாவுக்குத் தெரியும். அம்மா அதை மூத்தவளுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

எண்ணெய்க்காரிக்கு நிலத்தின்மேல் ஆசை இல்லை, கண்ணுகளா. தங்கையின் முகம் யார் சாயல் என்று பார்க்கணும், அது போதும் அவளுக்கு. வயிற்றோரம் போய் உட்கார்ந்தாள்.

"அடியே, பெரியவருக்கு வயித்துல குளிர் தட்டியிருக்கு. உங்க தெருவுக்கு அப்பால, மேய்ச்சல் வெளியில நெருப்பு போட்டு வை. கிட்ட வேண்டாம், சுட்டுடும்."

"நெருப்பே கூடாதுன்னு அத்தை சொல்லுவாங்களேக்கா?"

"அத்தைக்கு என்ன தெரியும்? அம்மா சொன்னது எனக்குத் தெரியும்."

அடுத்த மூச்சில் பதில் வந்தது. "சரிக்கா. நீ சொன்னா சரி."

தங்கை ஊரையே கூட்டி விறகு சுமக்க வைத்தாள். மழைக்காலம் பிறக்குமுன் ஒருநாள் காலையில் பெரியவர் எழுந்தார். கூரைகளுக்கு மேலே கருமேகம்போல அந்த உடம்பு கடந்து போய், மேய்ச்சல் வெளியில் விழுந்தது. அங்கே நின்ற மந்தையில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

எண்ணெய்க்காரி ஓடினாள். தங்கை வாசலில் நின்றாள். அம்மா சாயலேதான், அந்த முன்பல் இடைவெளிகூட. இருவரும் கட்டிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம்வரை நிறுத்தாமல் பேசினார்கள். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே காத்திருந்து, பிறகு நினைவு வந்து சிரித்தார்கள்.

மறுநாள் தண்டோரா போட்டார்கள். தெருவைக் காலி செய்யணுமாம். படைக்கு இடம் வேண்டுமாம்.

அவள் தேன்வாயரிடம் ஓடினாள். "ஆளும் நம்ம பக்கம்னு சட்டம் இருக்கே? பெரியவர்மேல ஏறினா தலை போகுமே?"

"அது பழைய சட்டம்மா. ராஜா நேத்து மாத்திட்டார். மண்ணு நம்மது, ஆளுங்க எதுக்கு? சோறு போட்டு மாளாது." சொன்னதோடு நிற்கவில்லை. ஜனங்களைப் பெரியவர்மேல் ஏணி சாத்தி ஏற்றி, அந்தப் பக்கம் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்த இடத்துக்கே அவளைக் கூட்டிப்போய், எல்லாரும் பார்க்க ஒரு பட்டுச் சால்வையைப் போர்த்தினார். "இந்தம்மா புண்ணியத்துல வந்த பூமி!"

ஏணியில் கால் வைத்திருந்த தங்கை திரும்பினாள். சால்வையைப் பார்த்தாள்.

"அப்போ பெரியவருக்கு வயித்துல குளிர் இல்லையாக்கா?"

முடிய ஒரு வருஷமாகும் என்றிருந்த சண்டை அந்த ஒரு மூச்சில் முடிந்தது.

அதற்குப் பிறகு அவள் தினமும் புது எல்லையில் இடுக்கோரம் உட்கார்ந்து கூப்பிட்டாள். மூச்சு எழும்பும், விழும். ஒரே ஒருநாள் குரல் வந்தது. "இன்னும் நெருப்பு வேணுமாக்கா?" அதோடு சரி.

தெருவில் படைவீரர்கள் குடியேறினார்கள். தங்கை வீட்டை மட்டும் எண்ணெய்க்காரி கேட்டு வாங்கிக்கொண்டாள். தெருவுக்குப் பின்னால், பெரியவர் முன்பு கிடந்த பள்ளத்தில், படைக்கு மடப்பள்ளியும் அமைச்சருக்கு வெந்நீர்க் குளியலறையோடு மாளிகையும் எழும்பின.

தேன்வாயர் ஒருநாள் வந்து கேட்டார். "இங்கெல்லாம் அடுப்பு மூட்டக் கூடாதாமே? ஏம்மா அப்படி?"

அவள் அவரைப் பார்த்தாள். தெரியவே வேண்டாம் என்ற அதே முகம்.

"அதெல்லாம் பழைய காலத்துப் பயம்ங்க. நீங்க தாராளமா மூட்டுங்க. பெருசாவே மூட்டுங்க."

பனிக்காலம் வந்தது. பள்ளத்தில் புகை ஓயவில்லை. ஆற வைத்த சோற்றை மடியில் வைத்துக்கொண்டு அவள் தங்கையின் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் எழுந்து பழைய பள்ளத்துக்கே திரும்பும் அன்று இந்த வாசல் ஆற்று நாட்டுப் பக்கமாகிவிடும், இவளும்தான். வீட்டுக்குச் சொந்தக்காரி திரும்பி வருவாள். வந்து, வாசலில் இருக்கிறவளைப் பார்த்து என்ன சொல்வாள் என்பது வேறு விஷயம். எழுந்து போ என்றுதான் சொல்வாள் போலிருந்தது. இருந்தாலும் எண்ணெய்க்காரி துடைப்பத்தை எடுத்து, வாசலைக் கூட்டித்தான் வைத்தாள்.