மாதாவின் முந்தானையில் சுல்தான் மெடல்

ரெஜினாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பதினோரு வருஷம் தேடி, நாலு ஏலத்தில் கோட்டை விட்டு, போன மாதம்தான் கைக்கு வந்த மெடல். துருக்கி சுல்தான் பெண்களுக்கென்றே கொடுத்த ‘ஷெஃப்கத்’ விருது. போரிலும் பேரிடரிலும் உதவிய பெண்களுக்கு. செங்கல்பட்டில் நர்சு வேலை பார்த்துக்கொண்டே அவள் சேர்த்த மெடல்களில் அதுதான் ராணி. அதைப் போய் அவள் புருஷன் ஸ்டான்லி, கடப்பாக்கத்துப் பக்கம் தன் ஊர் மாதா கோயில் தேரில், மாதாவின் முந்தானையில் குத்திவிட்டு வந்து சாவகாசமாக இட்லி தின்கிறான்!

“யோவ், உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?”

“நேர்ச்சை, ரெஜி. உன் மார்லேர்ந்து எடுத்த கட்டி ஆபத்தில்லாததுன்னு ரிப்போர்ட் வந்தா, வூட்ல ஒசத்தியானத சாத்துறேன்னு வேண்டிக்கினேன்.”

“உன் வாட்ச்ச சாத்தறதுதானே?”

“அது ஓடல.”

இவனிடம் என்னத்தைப் பேச? அவனையும் இழுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிக் கோயிலுக்குப் போனாள்.

கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் ஏசுபாதம் கையை விரித்தார். “சாத்தினத எடுக்கிற வழக்கமே இங்க இல்ல, சிஸ்டர். தேரு சுத்தி வந்ததும் எல்லாத்தையும் உருக்கி மாதாவுக்குக் கிரீடம் பண்ணப்போறோம்.”

உருக்குவதா! விறுவிறுவென்று தேர்மேல் ஏறிவிட்டாள். மெடலின் பின்னை இழுத்தால் வருகிறதா, சனியன்! கீழே நின்ற பெண்களோ, அவள் நகை சாத்த ஏறியிருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். “சிஸ்டர், இந்த மோதிரத்தையும்!” “எம் பொண்ணு கொலுசு, நீயே குத்திடும்மா!” நீட்டிய கைகளை மறுக்க முடியுமா? ஏழெட்டுப் பேருக்குக் குத்தினாள். வேர்த்துக் கொட்டியது. எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் மெடலைக் கழற்றினாள். கூட்டம் “ஐயய்யோ!” என்றது.

“எடுக்காத ரெஜி!” ஸ்டான்லியின் குரல் உடைந்தது. “கட்டி திரும்பி வந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்?”

பாவி மனுஷன், கூட்டத்துக்கு நடுவில் நின்று அழுதான். அவளுக்குக் கோபமும் போகவில்லை, மனசும் கேட்கவில்லை. தன் கழுத்துச் செயினைக் கழற்றி அதே இடத்தில் குத்தினாள்.

“உனுக்கு சாத்த ஊரே வரிசையில நிக்குது, தாயே,” என்றாள் மாதாவிடம். “அந்தக் காலத்துல சுல்தான்கிட்ட இந்த மெடல வாங்கினவ பேருகூட ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்கு நான் ஒருத்திதான் கீறேன்.”