துடைப்பக் கட்டைச் சத்தம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் பெரிய குற்றம் ஒன்றும் செய்யவில்லை. தூங்குகிற பிள்ளையைப் பார்க்கப் பால்கனிக்குப் போனேன், அவ்வளவுதான்.

ஆர்விக்கு ஏழு மாதம். மத்தியானத் தூக்கம் அவனுக்குப் பால்கனியில்தான். தள்ளுவண்டியில் கம்பளி உடுப்பு போட்டு, இறகுப் பைக்குள் திணித்து, மூக்கும் கன்னமும் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி படுக்க வைத்துவிடுவேன். பின்லாந்தில், எங்கள் தம்பெரே ஊரில் எந்த வீட்டுப் பால்கனியைப் பார்த்தாலும் ஒரு தள்ளுவண்டி நிற்கும். என் அம்மா என்னைத் தூங்கவைத்ததும் இப்படித்தான். பனிக்காற்றில் படுத்தால் பிள்ளை அடித்துப் போட்ட மாதிரி தூங்கும். வீட்டுக்குள் படுக்க வைத்தால் நான் ஒரு காபி குடிப்பதற்குள் எழுந்து உட்கார்ந்துகொண்டு என் உயிரை வாங்கும்.

மூத்தவள் கெர்த்துவுக்கு மூன்றரை வயது. அவளுக்கு மத்தியானத் தூக்கம் போயே போய்விட்டது. போனது அவளுக்கு மட்டுமா, எனக்கும்தான். தம்பி பிறந்ததிலிருந்து என் காலைச் சுற்றிக்கொண்டே திரிகிறாள். குளியலறைக்குப் போனாலும் வாசலில் உட்கார்ந்து, "அம்மா, என்ன பண்ற? அம்மா, இன்னுமா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் அப்பா ஹன்னு வடக்கே சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். அங்கே இரண்டு வாரம், இங்கே ஒரு வாரம். வருகிற அன்றைக்கே சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "மீர்வா, நீ ரொம்பத்தான் கத்துற. முன்னெல்லாம் நீ இப்படி இல்லியே" என்பான். முன்பெல்லாம் நான் இராத்திரி தூங்கினேனே ஐயா!

பூங்காவில் மணல் பெட்டியைச் சுற்றி நிற்கிற அம்மாக்கள் இருக்கிறார்களே, அவர்கள் இன்னொரு ரகம். பிள்ளைக்கு மூன்று வயதாகும்வரை காப்பகத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வளர்ப்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை. "இந்த வருஷமெல்லாம் திரும்பி வராது மீர்வா, அனுபவிங்க" என்பார்கள். அனுபவிக்கிறேன், போங்கடி. வெளியே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கத்துவேன். கிண்ணம் கவிழ்ந்தால் கத்துவேன். ஒரு காலுறை காணவில்லை என்றால் கத்துவேன். கத்தி முடித்த பிறகு தொண்டை எரியும், அழுகை வரும்.

நான் கத்தினால் போதும், கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் அவள் வீட்டு உட்கூரையில் இடிப்பாள். டொக், டொக், டொக். இர்யா என்று பெயர். ஐம்பதை ஒட்டிய வயது, பஸ் ஓட்டுகிறாள். விடியற்காலை வண்டியை எடுக்கிறவள், மத்தியானம்தான் தூங்குவாள் போலிருக்கிறது. இலையுதிர் காலத்திலிருந்து இந்த இடிதான். படிக்கட்டில் எதிரே வந்தால் நான் தரையைப் பார்ப்பேன், அவள் சுவரைப் பார்ப்பாள். பின்லாந்துக்காரனுக்கு வாசல் கதவில் பார்க்கும் ஓட்டை எதற்கு? பக்கத்து வீட்டுக்காரர் இறங்கிப் போய்விட்டாரா என்று பார்த்துவிட்டு வெளியே வருவதற்குத்தான்.

ஆனால் எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. சரியாக வளர்க்கவில்லை என்றால் பிள்ளையையே எடுத்துக்கொண்டு போய்விடுகிற குழந்தை நல அலுவலகத்துக்கு இவள் ஒருநாள் போனைப் போட்டுவிடுவாள். யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சொல்லலாம், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். இரண்டு பேர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று இதமாகக் கேட்பார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தத் துடைப்பக் கட்டைக்குப் பயந்தே வாழ்ந்தேன்.

அன்றைக்கு அடுப்பில் பால் விட்டு அரிசிக் கஞ்சி வைத்திருந்தேன். சின்னத் தீயில் நெடுநேரம் கொதிக்க வேண்டும், அவ்வப்போது கிளற வேண்டும். போன் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. வண்டியில் ஏதோ அசைகிற மாதிரி இருந்தது.

"கெர்த்து, தம்பிய ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன். நீ இங்கயே நில்லு, கண்ணு."

கையில்லாத பனியன், கம்பளிக் காலுறை, அதற்கு மேல் ரப்பர் செருப்பு. அப்படியே வெளியே போய்க் குனிந்தேன். ஆர்வி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் 'கடக்' என்று ஒரு சத்தம்.

திரும்பினால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கெர்த்து நிற்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சாத்திட்டேன் அம்மா! குளிரு உள்ள வராது!"

மூன்றடுக்குக் கண்ணாடி. அவள் சொன்னது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. குளிர்காலம் முழுக்க நான் அவளிடம் கத்தியது என்ன? "கதவச் சாத்துடி! குளிரு உள்ள வருது!" இன்றைக்குத்தான் சொல்லாமலே செய்திருக்கிறாள். அந்தக் கதவுக்கு உள்பக்கம் மட்டும்தான் கைப்பிடி. அதைப் பிடித்துத் தொங்கினால் கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமானால் மேலே தூக்க வேண்டும். தொங்க அவளால் முடியும். தூக்க வேண்டுமானால் முக்காலி போட்டு ஏற வேண்டும்.

"சபாஷ் கண்ணு! இப்ப மேல தூக்கு. மேல!" கையை உயர்த்திக் காட்டினேன்.

அவளும் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு குதித்தாள்.

"அது இல்லடா. முக்காலி! முக்காலி கொண்டா!"

உள்ளே ஓடினாள். கரடி பொம்மையைக் கொண்டுவந்து கண்ணாடியில் வைத்து எனக்கு முத்தம் கொடுக்க வைத்தாள். நான் சிரித்தேன், சத்தியமாகச் சிரித்தேன். அவள் தலைக்கு மேலாகச் சமையலறை தெரிந்தது. கஞ்சிப் பாத்திரத்தின் மூடி எழும்பி எழும்பி அடங்கியது. பால் பொங்கி வழிந்து அடுப்பின் சூட்டுத்தட்டில் கறுத்துக்கொண்டிருந்தது. அடுப்பை ஒட்டிய கம்பியில் நான் காயப்போட்ட துணி ஒன்று தட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கியது.

அதைப் பார்த்ததும் என் சிரிப்பு செத்துப்போனது. கண்ணாடியில் இரண்டு கையாலும் அறைந்தேன்.

"கெர்த்து! திற! கதவத் திறடி! கெர்த்து!"

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். வார்த்தை அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. ஆனால் என் முகம் தெரிந்ததே. கரடியை மார்போடு சேர்த்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். இன்னும் ஓரடி. நான் இன்னும் பலமாகக் கத்தினேன். திரும்பி ஓடியே போனாள். எங்கே ஓடினாள் என்று அங்கிருந்து தெரியவில்லை.

கீழ்வீட்டில் இடித்தது. டொக், டொக், டொக்.

"அட நாசமாப் போறவளே!" என்று தரையைப் பார்த்துக் கத்தினேன். மறுபடியும் ஒரு டொக்.

பிளாஸ்டிக் நாற்காலியால் கண்ணாடியில் அடித்தேன். நாற்காலியின் கால்தான் உடைந்தது. மூன்றாம் மாடி, குதிக்கவும் வழியில்லை. விரல் மரத்துப்போகவே ஆர்வியின் பைக்குள் கையை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் குளிருக்குச் சரியாக உடுத்தியிருந்தது எங்கள் வீட்டில் அவன் ஒருவன்தான்.

எதிர்க் கட்டடத்தில் ஓர் ஆள் சிகரெட் பிடிக்கப் பால்கனிக்கு வந்தான். தடித்த கோட்டு, காதுவரை தொப்பி. என்னைப் பார்த்தான். பனியில் பனியனோடு நிற்கிற ஒருத்தியை இந்த ஊரில் யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். அது அவளுடைய சமாச்சாரம். லேசாகத் தலையாட்டினான். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? 'என் மகள் என்னை வெளியே வைத்துப் பூட்டிவிட்டாள், அடுப்பு எரிகிறது, என்னைக் கண்டு பயந்து எங்கோ ஒளிந்திருக்கிறாள்' என்றா? முற்றத்தைச் சுற்றி எத்தனை ஜன்னல்! அத்தனையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

கடவுளே, நானும் தலையாட்டினேன். அவன் சிகரெட்டை அணைத்துவிட்டு, மரியாதையாக உள்ளே போய்விட்டான்.

அடுத்து உள்ளே புகை அலாரம் அலறியது. கண்ணாடி வழியாகச் சமையலறை சாம்பல் நிறமாகத் தெரிந்தது. இனி என்ன மானம், என்ன மரியாதை? மூலையில் சாத்தியிருந்த சிவப்புப் பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கிக் கீழே வீசினேன். "காப்பாத்துங்க! யாராவது வாங்க! வீட்டுல குழந்தை இருக்கு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

கீழே பால்கனிக் கதவு திறந்தது. இர்யா கம்பிக்கு வெளியே தலையை நீட்டி மேலே பார்த்தாள். கலைந்த தலைமுடி, கையில் துடைப்பம்.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? கீழ ஆள் நடமாடுற இடம். இப்ப பலகையையும் வீச ஆரம்பிச்சாச்சா?"

"கதவு பூட்டிக்கிச்சு! கெர்த்து உள்ள இருக்கா, அடுப்பு எரியுது!"

அவள் துடைப்பத்தைத் தாழ்த்தினாள். "அப்பவே கூப்பிட வேண்டியதுதான?"

"எவ்வளவு நேரமா கத்துறேன்!"

"நீங்க தினமும்தான கத்துறீங்க! அலாரம்கூடத்தான் உங்க வீட்டுல அடிக்கடி அடிக்குது. நான் என்னத்தக் கண்டேன்?" சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள். பிறகு இரவு உடையோடு முற்றத்தில் ஓடுவதைப் பார்த்தேன். பனி அள்ளுகிற டிராக்டருக்கு முன்னால் போய்த் துடைப்பத்தோடு கையை விரித்து நின்றாள். காதடைப்பான் போட்டிருந்த கட்டடப் பராமரிப்பு ஆள் குதித்து இறங்கினான். எல்லா வீட்டுக்குமான சாவி அவனிடம்தான் இருந்தது.

அவர்கள் மேலே வந்து சேர்வதற்குள் நான் எத்தனை முறை செத்தேனோ தெரியாது. பால்கனிக் கதவு திறந்ததும் புகை என் முகத்தில் அடித்தது. பராமரிப்பு ஆள் அடுப்பை அணைத்து, எரிந்துகொண்டிருந்த துணியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தான். நான் படுக்கையறைக்கு ஓடினேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், திரைக்குப் பின்னால் பார்த்தேன். அவன் குளியலறையில் தேடினான். எங்கேயும் இல்லை.

"கெர்த்து!" என்று அலறினேன். "கெர்த்து! எங்கடி இருக்க? வெளிய வா!"

இர்யா என் கையைப் பிடித்தாள். வலிக்கிற மாதிரி பிடித்தாள்.

"கத்தாதீங்க. நீங்க கத்தினா அவ வரவே மாட்டா."

"விடுங்க என்னை!"

"நடையில இருக்கிற அலமாரியில பாருங்க. எப்பவும் அந்தப் பக்கம்தான் ஓடுவா. நீங்க கத்தினதும் தட தடன்னு ஓடுவா, அங்க போனதும் சத்தம் நின்னுடும். எனக்குக் கீழ கேக்கும்ல?"

நான் நடைப் பக்கம் திரும்பினேன்.

"அவ ஓடி ஒளியிற அந்தச் சத்தம் கேட்டாதான், நீங்க நிறுத்தட்டும்னு நான் இடிப்பேன்" என்றாள். "உங்க கத்தலுக்கு இல்ல."

அலமாரிக் கதவை அவள்தான் திறந்தாள். என்னால் முடியவில்லை. தொங்குகிற பனி உடுப்புகளுக்குப் பின்னால், பூட்ஸுகளுக்கு நடுவில், கெர்த்து கரடியைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். இருமல் வந்தபோது வாயைக் கரடியின் வயிற்றில் அழுத்திக்கொண்டாள், சத்தம் வெளியே வராமல். உதடு சாம்பல் பூத்திருந்தது. அங்கே ஒரு தலையணை கிடந்தது. பாதி தின்ற பிஸ்கட் கிடந்தது. சோபாவிலிருந்து காணாமல் போன தலையணை அது. அதற்காகவும் நான் ஒருநாள் கத்தியிருந்தேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. முகத்தில் மூடி வைத்துப் பிராணவாயு கொடுத்தார்கள். இர்யா ஆர்வியைத் தோளில் போட்டுக்கொண்டு, "இவன நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க" என்றாள்.

வண்டியில் இருந்த செவிலிப் பெண் சின்ன வயசுக்காரி. "புகை உள்ள போயிருக்கு. ராத்திரி ஆஸ்பத்திரியில வெச்சுத்தான் பாக்கணும். பொழச்சுக்குவா, பயப்படாதீங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "குழந்தை நலத்துக்கும் நான் தகவல் சொல்லணும். சட்டம் அப்படி. தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்க" என்றேன். "அவ எங்க ஒளிஞ்சிருந்தாங்கறதையும் சொல்லுங்க. யாரப் பாத்துப் பயந்துன்னும் சொல்லுங்க."

குளிர்காலம் முழுக்க நான் பயந்து செத்த வார்த்தை அதுதான். அது வந்தும்விட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கெர்த்து என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மெதுவாக அவள் பக்கம் குனிந்தேன். 'நீ நல்ல பிள்ளை கண்ணு, நீ ஒண்ணும் தப்பு பண்ணல' என்று காதோடு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வாய் திறந்ததைப் பார்த்ததும் அவள் கரடியைக் கீழே விட்டுவிட்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.