பிராந்திக்கடைக்கு வடக்கே ஒரு வீடு

திருமலைராயன்பட்டினத்துக்குத் தெற்கே, புதுச்சேரியையும் தமிழ்நாட்டையும் பிரிக்கும் எல்லை வாய்க்காலுக்குச் சற்று இப்பால், புதுச்சேரிப் பக்கத்தில், கனகத்தின் மனை இருந்தது. மீன் விற்றுப் பிழைக்கும் அவள், அரசின் வீட்டுத் திட்டத்தை நம்பித் தன் கூரைவீட்டைப் பிரித்துவிட்டுக் கணவன் ஐயனாருடன் தார்ப்பாயின் கீழ் வாழ்ந்துவந்தாள்.

திட்டத்தை அவ்வாண்டு சீர்திருத்தியிருந்தனர். இடைத்தரகரை ஒழிக்கும்பொருட்டு, பயனாளியை அவரது மனையிலேயே நிறுத்திக் கைப்பேசியில் படமெடுத்தல் வேண்டும் என்பது புது விதி. விதியில் குற்றமில்லை. ஆனால், அதற்கென வந்த செயலி, கனகத்தின் மனை தமிழ்நாட்டில் உள்ளதாகக் காட்டிப் படத்தை ஏற்க மறுத்தது.

ஒப்பந்தப் பொறியாளர் அகரன் ஒரு வழி கண்டார்.

"அக்கா, கொஞ்சம் வடக்கால நகர்ந்து நில்லுங்க. இன்னும் கொஞ்சம்... ஆங், ஏத்துக்கிச்சு!"

அவள் நின்ற இடம் அண்டை வீட்டுச் சலோமியின் வாசல்.

"நல்லா சிரிங்கக்கா, பொண்ணு பாக்க வந்திருக்காங்க" என்று சலோமியே கேலி செய்தாள்.

கனகத்துக்கு முதல் தவணை வந்தது, சுவர்கள் எழுந்தன. பின்னர், அதே திட்டத்துக்குச் சலோமி போட்ட விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அம்மனையில் ஏற்கெனவே அரசு வீடு எழும்பிவருகிறதாம். சென்ற மழையில் பின்சுவர் சரிந்த வீடு அவளுடையது.

"என் வாசல்ல நின்னு என் வீட்டையே எடுத்துட்டுப் போயிட்டீங்களேக்கா!"



அடுத்த படத்துக்கு அகரன் வந்தார். "பழைய எடத்துலயே நில்லுங்கக்கா. இதுலதான் கூரைக்குப் பணம் வரும்."

"அப்ப சலோமி வீடு?"

"அதெல்லாம் மேலிடம். நீங்க வாயத் தொறந்தா உங்க வீடும் நின்னுபோயிடும்."

கனகம் தெற்கே கைநீட்டினாள். "அந்தப் பிராந்திக்கடை எந்த ஊருங்க சார்?"

"அது... நம்ம புதுச்சேரி லைசென்ஸ்தான்."

"என் வீட்டுக்கும் தெக்கால கெடக்கு அது. அது ஒங்க ஊரு, நான் வேத்து ஊரா? தள்ளாடிக்கிட்டு வர்றவனுக்குக்கூட எல்லை தெரியுது, ஒங்க போனுக்குத் தெரியலையா?"

"செயலி மேலேர்ந்து வந்ததுக்கா. நான் என்ன செய்ய?"

"ஓட்டுக் கேக்க மட்டும் அந்த மேலிடம் எப்படிங்க வழி தெரிஞ்சு வருது?"

கதவில்லாத தன் நிலைப்படியில் ஏறி நின்றாள். "இதான் என் வீடு. இங்க வச்சு எடுங்க."

செயலி மறுத்தது. அவள் நகரவில்லை. அகரன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே சலோமியை உடனழைத்துக்கொண்டு காரைக்காலுக்குச் சென்ற கனகம், யார் சொல்லி யார் வாசலில் நின்றாள் என்பதை அதிகாரியிடம் உரக்கவே கூறினாள். சலோமிக்கு இருந்த தடை நீங்கிற்று. கனகத்தின் தவணையோ, எல்லை குறித்துத் தெளிவு வரும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. செயலி பிழை செய்ததாக ஒப்புக்கொள்ள அங்கு ஒருவரும் இல்லை.

தெளிவு வருமுன் ஐப்பசி மழை வந்தது. கூரையற்ற அறையில் தேங்கிய நீரைக் கனகம் வாளியால் மொண்டு வெளியே வீசிக்கொண்டிருந்தாள். சலோமி குடையுடன் ஓடிவந்தாள்.

"அண்ணனையும் கூட்டிக்கிட்டு வாங்கக்கா. எங்க வீடு பாதியாவது நனையாம இருக்கு."

"ஒன் வாசல்ல ஒருதரம் வந்து நின்னதே போதும்டி" என்றாள் கனகம், வாளியை நிறுத்தாமல். "நான் எந்த ஊருன்னு அவனுவோ வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் இங்கேர்ந்து ஒரு அடி நகர மாட்டேன்."