இருபத்தைந்து மைக்ரான்

நாங்கள் செய்து அனுப்பிய செயற்கைக்கோள் எங்கள் தலைக்கு மேல் வர இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. நிரல் எழுதும் அண்ணன், அதற்கு ஏற்றி அனுப்பவேண்டிய புதிய நிரலைக் கடைசியாக ஒருமுறை படித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு செங்கல் அளவுதான் அந்தச் செயற்கைக்கோள். அயனி மண்டலத்துக்குள் சுற்றியபடி, முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் தங்க முலாம் பூசிய ஊசியால் எலக்ட்ரான்களை அளந்து சொல்ல வேண்டும். ஒன்பது நாளாகப் பூஜ்யம்தான் சொல்கிறது. “எலக்ட்ரான் எல்லாம் லீவு போட்டுடுச்சு போல” என்று முதல் நாள் அண்ணன் சொன்னபோது சிரித்தோம். நான்காம் நாள், தப்பு தன் நிரலில்தான் என்று எங்கள் குழுவை நடத்தும் மேடத்திடம் அவரே ஒப்புக்கொண்டார். அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போனதாகத் தெரியவில்லை. சட்டை மாறவில்லை. ஏற்றும்போது பாதியில் தொடர்பு அறுந்தால் செயற்கைக்கோள் பிறகு வாயே திறக்காது. வேறு வழியில்லை என்று மேடமும் சம்மதித்துவிட்டார்.

ஊசியில் விரல்ரேகை படக்கூடாதென்று பொன்னிற டேப்பைச் சுற்றியவள் நான். தங்கத்தின் மேல் பொன்னிறம். ஏவுவதற்கு ஒப்படைத்த நாளில், கழற்றவேண்டியவற்றின் பட்டியலை மேடம் வரிசையாக வாசிக்க, நான் “ஆச்சு, ஆச்சு” என்றபடி வந்தேன். “டேப்?” என்றபோது சூரியத் தகட்டின் டேப்பை நினைத்துக்கொண்டு அதற்கும் “ஆச்சு” என்றேன். ஒப்படைக்கும்போது எடுத்த கடைசிப் புகைப்படத்தை மூன்று நாளுக்கு முன்னால்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊசியின் நுனியில் டேப்பின் மடித்த ஓரம் தெரிந்தது. இங்கே என்னை ஊமைக்கோட்டான் என்பார்கள். மூன்று நாளும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“அண்ணா, அனுப்பாதீங்க.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

“ஏன்மா?”

“உங்க புரோகிராம்ல தப்பில்ல. ஊசியில டேப் இருக்கு. நான் எடுக்கல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எப்பத்துலேர்ந்து தெரியும்?”

“மூணு நாளா.”

“மூணு நாளா” என்று அவரும் சொல்லிப்பார்த்தார். ஓர் அறை விட்டிருந்தால் தேவலை.

பக்கத்தில் நின்ற மேடம் டேப்பின் தடிமனை மட்டும் கேட்டார். இருபத்தைந்து மைக்ரான் என்றேன். அந்த உயரத்தில் அலையும் ஆக்சிஜன் அணுக்கள் டேப்பை மெல்ல மெல்ல அரிக்கும். அந்தக் கணக்கையும் போட்டுவைத்திருந்தேன். முழுதாக அரிக்க ஒன்பது மாதம்.

“சாட்டிலைட் கீழ விழ எத்தனை மாசம்?” என்றார் மேடம்.

டேப்பை அரிக்கும் அதே காற்றுதான் செயற்கைக்கோளையும் கீழே இழுக்கும்.

“எட்டரை” என்றேன். “என் கணக்கு தப்பாவும் இருக்கலாம் மேடம்.”

தப்பாக இருக்க வேண்டுமென்று வாழ்க்கையில் முதன்முறையாக வேண்டிக்கொண்டேன். மேடம் திரையைப் பார்த்தார்.

கூரைமேல் ஆன்டெனா முனகியபடி திரும்பத் தொடங்கியது. செயற்கைக்கோள் கடந்துபோகும் எட்டு நிமிடமும் விடாமல் அதைப் பின்தொடர்ந்தது. தெற்கே தாழ்ந்து நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். நிரலை அனுப்பாமலே விசைப்பலகையைத் தள்ளிவிட்டு, மேசையில் கன்னத்தை வைத்து அண்ணன் தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.