காதுக்கு எட்டாத கை

அந்தக் கார் சிவப்பா, கரும்பச்சையா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. சிவப்பு என்றுதான் இத்தனை காலமும் சொல்லிவந்தேன். ஆனால் யோசிக்க யோசிக்க, காப்பார் பக்கத்து லாலாங் புல்லுக்குள் அது புல்லோடு புல்லாக மறைந்து போனது போலவும் ஒரு ஞாபகம் எழுகிறது. சிவப்பு எப்படிப் புல்லில் மறையும்? ஆகவே நிறத்தை விட்டுவிடுகிறேன். வருஷமும் திட்டமாகத் தெரியாது. ரப்பர் விலை விழுந்து, வெள்ளைக்காரத் துரைகளே மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய காலம். நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். சபாபதிக்கு அப்போது இரண்டு வயது. குழந்தை என்று அர்த்தமில்லை. அவனுக்கு வயது இரண்டு இருந்தது, அவ்வளவுதான். ஜாதகப்படி இருபத்தாறு. ரயில்வே ஆபீஸ்படி இருபத்திரண்டு.

இதற்குக் காரணம் அவன் அப்பா நாகையா. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் பாதையில், வண்டி தடம் மாறுவதற்குப் பாயிண்ட் மாற்றுகிற வேலை அவருக்கு. மகனைப் பள்ளியில் சேர்த்த நாளில் பிறந்த தேதியை யாரும் கேட்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். விரல் நுனி காதை உரசினால் ஐந்து வயது, காதைப் பிடித்து இழுக்க முடிந்தால் ஏழு, அதற்கு மேலும் கை போனால் வாத்தியார் மனசுக்குத் தோன்றியது. சபாபதிக்கு அப்போது ஒன்பது வயது. காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியே விடக்கூடிய கை. நாகையா யோசித்தார். பையன் தலையில் புண் என்று சொல்லி ஒரு பெரிய துண்டைச் சுற்றிக் கட்டிக் கூட்டிப் போனார். துண்டின் மேல் ஏறி இறங்கிய கை, காதை லேசாக உரசிவிட்டு நின்றது. வாத்தியார் ஐந்து என்று எழுதினார். பிற்காலத்தில் உத்தியோகம் கிடைத்தால் நான்கு வருஷம் கூடுதலாகச் சம்பளம் வாங்கலாம் என்பது நாகையாவின் கணக்கு. துண்டு தன் காரியத்தை முடித்துக்கொண்டு கொடிக்குத் திரும்பியது.

அன்றிலிருந்து சபாபதி வகுப்பில் எல்லோரையும்விட உயரமாகவும், பேப்பரில் எல்லோரையும்விடச் சிறியவனாகவும் வளர்ந்தான். ரயில்வே ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். முன்நெற்றியில் முடி பின்வாங்கத் தொடங்கிய பிறகும் பெரிய கிராணி அவனை "பொடியா" என்றுதான் கூப்பிட்டார். சும்மா கிடைத்த அந்த நான்கு வருஷத்தை என்ன செய்வதென்று அவனுக்கு வெகுநாள் தெரியவில்லை. இருபத்திரண்டு வயதுக்காரன் செய்கிற காரியம் ஏதாவது செய்தால்தான் அது கணக்கில் வரும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் காப்பாரில் ஒரு தோட்டத்துத் துரை கப்பலேறும் அவசரத்தில் தன் காரை விற்றார். இரண்டு இருக்கை, மடக்குகிற கூரை, தவளைக் கண் போல இரண்டு விளக்கு. பின்பக்க மூடியைத் தூக்கினால் வானம் பார்த்த இன்னொரு இருக்கை உண்டு. டிக்கி என்பார்கள். துரை கேட்ட விலை ஒரு நல்ல மாட்டு வண்டியின் விலை. சபாபதி வாங்கிவிட்டான்.

கிள்ளானில் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா வேலாயுதம், ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கிள்ளான் ஏஜெண்ட். மாப்பிள்ளை கார் வாங்கிய சேதி கேட்டு அவர் கடைத்தெரு முழுக்க நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு மாப்பிள்ளையைத் தன் ஆபீஸுக்கு வரச் சொன்னார்.

வீட்டில் அவர் "மாப்பிள்ளை" என்பார். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி மாட்டிவிட்டால் ஆள் வேறு.

"மிஸ்டர் சபாபதி, வயசு?"

"என்ன மாமா, ஜாதகம் உங்க வீட்டுலதானே இருக்கு?"

"அது சாமி ரூம்ல இருக்கு. இது ஆபீஸ். லைசென்ஸக் காட்டுங்க."

லைசென்ஸ், ஆபீஸ் வயதுப்படி எடுத்தது. வேலாயுதம் அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு இன்சூரன்ஸுக்கு ஒரு தொகையைச் சொன்னார். துரை காரை விற்ற விலையில் பாதிக்கு மேல்.

சபாபதி லைசென்ஸைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தான்.

"மாமா, கார் காப்பார் தோட்டத்துலயேதான் நிக்குது. அதுலருந்து பாதியக் கழட்டி எடுத்துக்குங்க."

"நான் என்ன செய்ய? கம்பெனி நினைப்பு அது. இருபத்தஞ்சு முடியாதவன் கையில குடுத்தா அது வண்டி இல்ல, பட்டாசு. அதுவும் ரெண்டு சீட்டு வண்டி. ரெண்டு சீட்டு வண்டியில எவனும் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போறதில்ல."

"தோட்டத்து மண் ரோட்டுல இது போற வேகத்துக்கு மாட்டு வண்டிக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்."

"சிரிக்கட்டும். கம்பெனி அவன்கிட்ட விசாரிக்காது."

"அப்ப இருபத்தாறுன்னு எழுதுங்க லா. நெசமும் அதானே."

"எழுதலாம். நெசந்தான். கம்பெனி உடனே ரயில்வேக்கு ஒரு கடிதாசி போடும். உங்க கிராணிக்கு வயசு இருபத்தாறாமே, சரிதானான்னு. ரயில்வே என்ன சொல்லும்?"

ரயில்வே என்ன சொல்லும் என்று இருவருக்குமே தெரியும். ஆள் குறைக்க ஒரு சாக்குக் கிடைக்காதா என்று அலைந்த காலம் அது. பொய் வயசு கொடுத்தவன் என்றால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

"அப்ப இன்சூரன்ஸ் இல்லாமலே ஓட்டிக்கிறேன்."

வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றினார். இப்போது பேசியது மாமனார்.

"மாப்பிள்ளை, 'இன்சூரன்ஸ் கட்டாதவன் பொண்டாட்டி புள்ளைங்க நடுத்தெருவுல நிக்கும்'னு சொல்லித்தான் இந்தக் கிள்ளான் பூரா வித்துக்கிட்டிருக்கேன். என் பொண்ணே கட்டாத கார்ல பவனி போனா நாளைக்கு எவன் கட்டுவான்? கார் இல்லாம ரயில்ல வந்து இறங்குனாலும் கேவலம், ஊரெல்லாம் சொல்லிட்டேன். இன்சூரன்ஸோட கார் வந்தா தை மாசம் கல்யாணம். இல்லன்னா வீட்டுக்கு வந்து ஜாதகத்தத் திருப்பி வாங்கிக்குங்க."

அந்தப் பெண்ணை, புஷ்பவல்லியை, சபாபதி ஒரே ஒரு முறை பார்த்திருந்தான். காப்பித் தட்டை நீட்டியபோது அவள் தலை குனியவில்லை. இவன்தான் குனிந்தான். அதிலிருந்து வேறு எந்தப் பெண்ணையும் நினைத்துப் பார்க்க அவனால் முடியாமல் போயிருந்தது.

சாயங்காலம் அப்பாவிடம் போனான். நாகையா வாசலில் கைவிளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் இருபத்தாறுன்னு சொல்லிடலாம்னு பார்க்கிறேன்பா."

ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிகிற வரை காத்திருந்து நாகையா பேசினார்.

"சொல்லு. அப்புறம் ரயில்வேக்காரன் கணக்குப் பார்ப்பான். பேப்பர்ல எனக்கு இப்ப நாப்பத்தொண்ணு. உனக்கு இருபத்தாறுன்னா, பதினஞ்சு வயசுலயா உன்னப் பெத்தேன்?"

சபாபதி இதை எதிர்பார்க்கவில்லை. "நெசமா உங்களுக்கு எத்தனைப்பா?"

"ஐம்பத்தஞ்சு. ரிட்டையராகுற வயசு. தெரிஞ்சா நாளைக்கே கையக் குலுக்கி அனுப்பிடுவான்." கண்ணாடியில் ஊதித் துடைத்தார். "நீ இருபத்திரண்டாவே இருடா. அப்ப நான் பத்தொன்பதுல பெத்ததா ஆகுது. மரியாதையான வயசு."

"காரை என்ன பண்றது?"

"வித்துடு."

"வாங்க ஆள் ஏது? வாங்குற நெலமையில இருந்தவன் எல்லாம் கப்பலேறிட்டானே."

நாகையா விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வீட்டுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். பேப்பரில் இருந்த இரண்டு பேர் வேறு. அந்த நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, ஜாதகத்தைத் திருப்பி வாங்குவதற்காகச் சபாபதி கிள்ளானுக்கு ரயிலேறினான். வழியெல்லாம் ஒரு கேள்வி அவனைக் குடைந்தது. காரை ஓட்டிப்போய் எங்காவது மோதிச் செத்தால், சாகிறவன் எந்த வயதுக்காரன்? இருபத்திரண்டு செத்தால் இருபத்தாறு எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவானா? பதில் கிடைக்குமுன் கிள்ளான் வந்துவிட்டது.

வேலாயுதம் வீட்டில் யாரும் முகம் கொடுக்கவில்லை. அவர் மனைவி நல்லம்மாள் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, சாமி அறையைப் பார்த்தபடி நின்றாள். கான்வென்ட் பள்ளியில் டீச்சராக இருந்த புஷ்பவல்லி உள்ளேயிருந்து வந்தாள். கையில் அப்பாவின் இன்சூரன்ஸ் படிவம்.

"அப்பா, ஓட்டுறவங்க ஆம்பளையா பொம்பளையான்னு இதுல எங்கயாவது கேட்டிருக்கா?"

வேலாயுதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"கேட்கல. கேட்கணும்னே எவனுக்கும் தோணியிருக்காது."

"இருபத்தஞ்சு முடிஞ்சிருக்கணும். அவ்வளவுதானே? எனக்கு முடிஞ்சிருச்சு."

சபாபதி நிமிர்ந்தான். பெண் பேசியபோது இருபத்து மூன்று என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"ஸ்கூல் பேப்பர்ல," என்றாள், நேராக அவனைப் பார்த்து. "தம்பிங்க ரெட்டையாப் பொறந்த நேரம். வீட்டுல ஒரு பிள்ளை குறைஞ்சாப் போதும்னு அஞ்சு வயசுல என்னக் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. அம்மாதான் என் கையப் பிடிச்சு இழுத்தாங்க."

"நான் எங்கடி இழுத்தேன்?" என்றாள் நல்லம்மாள். "கை காதுக்கு எட்டல. காதைக் கொஞ்சம் கைக்குப் பக்கத்துல கொண்டுபோனேன். அதுல என்ன தப்பு? அது கொஞ்சம் அதிகமாப் போச்சு, வாத்தியாரம்மா ஏழுன்னு எழுதிக்கிட்டாங்க."

சபாபதி தன்னையறியாமல் பேசிவிட்டான். "எனக்குத் தலையில துண்டு கட்டினாங்க."

"எதுக்கு?"

"கை எட்டக் கூடாதுன்னு."

அவள் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். நல்லம்மாள் மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ! அப்பப் பேப்பர்ல பொண்ணு மாப்பிள்ளைய விட மூணு வயசு மூப்பாப் போகுதே!"

"நெசத்துல மாப்பிள்ளை மூணு வயசு மூப்பு. சரியாப் போச்சு," என்றார் வேலாயுதம். "ஐயர் பேப்பர் பார்க்க மாட்டார். கம்பெனி ஜாதகம் பார்க்காது."

"அப்ப நான்?" என்றான் சபாபதி.

"நீங்க பக்கத்துல உட்காருங்க," என்றாள் புஷ்பவல்லி. "அதான் ரெண்டு சீட்டு இருக்கே."

வெயிலில் கூரையை மடக்கி, ஒரு கையை வெளியே தொங்கவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸ் நடுவே தான் ஓட்டிப் போகிற காட்சியை அவன் மாதக்கணக்காக மனசுக்குள் வைத்திருந்தான். அதை இப்போது எடுத்துப் பார்த்தான். தொங்கிய கை அப்படியே இருந்தது. எந்தப் பக்கக் கதவில் தொங்குகிறது என்பதுதான் மாறியது. தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். "சரி," என்றான்.

கல்யாணத்துக்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகக் காரில் போகக் கூடாதென்று நல்லம்மாள் டிக்கியில் ஏறினாள். காப்பார் தோட்டத்து மண் சாலையில் பயிற்சி நடந்தது. அது தோட்டத்துச் சொந்தச் சாலை, கம்பெனிக்கு அங்கே கண் கிடையாது என்று வேலாயுதம் தைரியம் சொல்லியிருந்தார். முன்னால் புஷ்பவல்லி கியரை மாற்றும்போதெல்லாம் கார் பல்லைக் கடித்தது. பின்னால் நல்லம்மாள் திறந்த வானத்தின் கீழ்க் குடை பிடித்து உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் முனியாண்டியைக் கூப்பிட்டாள். ஒருமுறை மூவரும் காரோடு லாலாங் புல்லுக்குள் போய்விட்டார்கள். வெளியே தெரிந்தது குடை மட்டும்தான்.

"பிரேக்! பிரேக்க மிதிங்க!"

"மிதிச்சுட்டேன். வண்டிதான் கேட்கல."

"அது கிளச்சு!"

"டீச்சருக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கணுமோ அப்படிச் சொல்லிக் குடுங்க. கத்தக் கூடாது."

லைசென்ஸுக்குப் பரீட்சை வைத்த போலீஸ் அதிகாரி, ஓட்டப்போவது இந்த டீச்சரம்மாதான் என்று புரிந்துகொள்ளவே நேரம் எடுத்துக்கொண்டார். ஓட்டியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாலிசி சாதாரண ரேட்டில் வந்தது. பக்குவப்பட்ட வயது, பொறுப்பான உத்தியோகம், கம்பெனிக்கு மகிழ்ச்சி என்று கூடவே ஒரு கடிதம். வேலாயுதம் அதற்குச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டினார். கமிஷன் குறைந்துபோனதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. கூறைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புஷ்பவல்லி கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் காரை ஓட்டி வந்தாள். சபாபதி மாலையோடு பக்கத்தில் இருந்தான். டிக்கியில் நாகையா, காற்றுக்குப் பயந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு. ரயில்வே குவார்ட்டர்ஸ் முனையில் நின்ற ஆள் ஒருவர் விடவில்லை.

"என்ன சபாபதி, சம்பளத்துக்கு டிரைவர் வெச்சிட்டியா?"

"ஆமாண்ணே. வயசான டிரைவர்."

புஷ்பவல்லி ஹாரனை அழுத்தினாள். அந்த ஆள் சாக்கடையைத் தாண்டிக் குதித்தார்.

பேப்பர்படி இருபத்தைந்து முடிந்த அன்று சபாபதி லீவு போட்டுக் கிள்ளானுக்குப் போய், பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டான். அப்போது இரண்டு பிள்ளைகள் ஆகியிருந்தன. இரண்டு இருக்கைக் காரில் இடம் போதாமல், அதே வாரம் அதை விற்றுவிட்டார்கள். வாங்கிய இளைஞனுக்கு இன்சூரன்ஸ் போட்டுக்கொடுத்தவர் வேலாயுதம். அவனிடம் முழு ரேட்டும் வாங்கினார். சபாபதி அந்தக் காரை நல்ல சாலையில் ஒரு தடவைகூட ஓட்டவில்லை. நாகையா எழுபதை நெருங்கும் வரை பாயிண்ட் மாற்றி, பேப்பரில் ஐம்பத்தைந்தானதும் ஓய்வு பெற்றார். நல்லம்மாள் அந்தப் பயிற்சிக்குப் பிறகு எந்தக் காரிலும் ஏறவில்லை. புஷ்பவல்லி ஜாதகத்துக்கு இரண்டு வருஷம் முன்னதாகவே வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். சபாபதி நான்கு வருஷம் பிந்தி ஓய்வு பெற்றான். பிறகு வாங்கிய காரையும் கடைசி வரை அவள்தான் ஓட்டினாள்.